பின் ரூமில் ஒரு தோணி

"இனிமே நான் என் உடம்பைப் பாத்துக்கப் போறேன்."

என் அப்பா ஹபீபுர் ரஹ்மான் இதை அறிவித்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால். அறிவித்த கையோடு இன்னொரு கரண்டி பிரியாணி கேட்டார்.

யாரும் அசரவில்லை. அப்பா தன் உடம்பைப் பார்க்காமல் இருந்தால்தான் அதிசயம். குனிந்தால் அது மட்டும்தான் தெரியும். சொந்தக் காலைப் பார்த்துப் பல வருஷம் ஆகிறது.

தி. நகரில் அவருக்கு ஒரு கடை. ஜாக்கெட் லைனிங், ஃபால்ஸ், பட்டன், ஊக்கு. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் கடை சாத்தும்போதுதான் நாற்காலிக்கு மூச்சு வரும். போன வருஷமே டாக்டர், "பாய், நடங்க" என்றார். நடந்தார். கச்சேரி ரோட்டிலிருந்து கோயில் குளம் வரைக்கும் நடந்து, அங்கே ஒரு தட்டு பஜ்ஜி சாப்பிட்டு, களைத்துப்போய் ஆட்டோவில் திரும்பி வந்தார். அந்த வைத்தியம் அன்றோடு முடிந்தது.

ஆகவே உடம்பு என்பது சும்மா. விஷயம் ரூம்.

கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் முதல் மாடி வாடகை வீடு எங்களுடையது. ஹால், பெட்ரூம், கிச்சன், பின்னால் ஒரு குட்டி ரூம். அந்தக் குட்டி ரூம்தான் அப்பாவின் சாம்ராஜ்யம். மதியத் தூக்கம் அங்கே. போனில் கிரிக்கெட் அங்கே. டாக்டர் தொடக்கூடாது என்ற மிக்சர் பொட்டலம் அங்கே, துணி மூட்டைக்குப் பின்னால். வீட்டில் வேறு எங்கேயும் அவர் பேச்சு எடுபடாது. அங்கேயும் எடுபடாது; ஆனால் அங்கே பேச வேண்டிய அவசியம் இல்லை.

அந்த ரூமைத்தான் அம்மி கேட்டுவிட்டாள்.

எங்கள் வீட்டில் அம்மாவை அம்மி என்றுதான் கூப்பிடுவோம். பெயர் வஜீஹா. தமிழில் அம்மி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். இவளும் அதேதான். வைத்த இடத்தில் சாதுவாக இருப்பாள். கிட்டே போனால் அரைத்துவிடுவாள்.

"ஏங்க, கலீம் வந்தா எங்க படுப்பான்? அந்தப் பின் ரூமைக் கொஞ்சம் ஒழிச்சி வெச்சா இன்னா?"

இவ்வளவுதான் கேட்டாள். அப்பா கையிலிருந்த டீ கிளாஸ் வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றுவிட்டது.

கலீம் என்றால் கலீமுல்லா. அம்மியின் தம்பி, எனக்கு மாமு. ஊர் ஆற்காடு. போன தடவை ஏதோ இன்டர்வியூ என்று ரெண்டு நாளைக்கு வந்தார். இன்டர்வியூ வைத்த கம்பெனியையே அப்புறம் இழுத்து மூடிவிட்டார்கள். மாமு மட்டும் இருந்தார். பின் ரூமில் இருந்தார். அப்பாவின் லுங்கியில் இருந்தார். அம்மியாலேயே கண்டுபிடிக்க முடியாத மிக்சரைக் கண்டுபிடித்துத் தின்றார். அக்கா புருஷனை எங்கள் பக்கம் துல்லாபாய் என்பார்கள். "துல்லாபாய், ஃபேனை ஏன் மூணுல வெச்சிக்கீறீங்க" என்று அவர் ஆரம்பித்தாலே அப்பாவுக்கு உடம்பெல்லாம் துள்ளும். வேறு எந்த எக்சர்சைசும் அவரை அப்படித் துள்ள வைத்ததில்லை.

ப்ளஸ் டூ முடித்துவிட்டு, காலேஜ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நான் அப்பா கடையில்தான் பட்டன் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"ரூஹி, அந்த ரூம்ல ஆளே படுக்க முடியாத மாதிரி இன்னா போடலாம்?"

"பீரோ."

"பீரோவை நவுத்திட்டுப் படுப்பான்."

"துணி மூட்டை."

"மூட்டை மேலயே படுப்பான்."

"அப்ப நீங்களே போய்ப் படுத்துக்குங்க."

"உங்கம்மி எழுப்பிடுவா. வேணாம்னு அவளே சொல்ல முடியாத பொருளா இருக்கணும். பெருசா இருக்கணும்."

யோசித்தார். யோசித்ததில் வந்ததுதான் எக்சர்சைஸ் மெஷின். டாக்டர் கேட்டால் சந்தோஷப்படுவார், பெண்டாட்டி கேட்டால் அழுதே விடுவாள், கலீம் கேட்டால் ஆற்காட்டிலேயே இருப்பான். அப்பா முகத்தில் அப்போது தெரிந்த பெருமையைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

அப்புறம் ஆராய்ச்சி. மற்றவர்கள் மெஷின் வாங்கினால் நெஞ்சுக்கு நல்லதா, முட்டிக்கு நல்லதா என்று பார்ப்பார்கள். அப்பா நீளம் பார்த்தார். சைக்கிள் என்றால் பக்கத்தில் கலீம் படுப்பான், வேண்டாம். ட்ரெட்மில் மடங்கும், வேண்டாம். கடைசியில் ஒரு வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன் தரையோடு தரையாக உட்கார்ந்து, ஒரு கைப்பிடியை இழுத்து இழுத்து, தண்டவாளம் மாதிரி ஒன்றின் மேல் முன்னேயும் பின்னேயும் போய் வந்தான்.

"இது இன்னாது?"

"ரோயிங் மெஷின். வீட்டுக்குள்ளயே படகு ஓட்டற மாதிரி."

"எவ்ளோ நீளம்?"

சொன்னேன். அப்பா கண்ணை மூடி மனசுக்குள் ரூமை அளந்தார்.

"கதவுலேர்ந்து ஜன்னல் வரைக்கும்" என்றார். "அல்ஹம்துலில்லா."

அம்மியிடம் அவரே சொன்னார். மாத்திரை விழுங்குகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

"துடுப்புப் போடற மெஷின் வஜீ. உடம்பு பூரா வேலை செய்யுமாம்."

அம்மி எழுந்து கிச்சனுக்குள் போனாள். பெருநாளைக்கு பிரியாணி தேக்சாவைக் கிண்டும் மரத் துடுப்பைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

"இந்தாங்க துடுப்பு. இந்தப் பெருநாளுக்கு நீங்களே கிண்டுங்க. உடம்பு பூரா வேலை செய்யும், எனக்கும் கை வலி மிச்சம்."

"வெளையாடாத. டாக்டர் சொல்லிக்கீறாரு."

"டாக்டர் நடக்கச் சொன்னாரு. தோணி வாங்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணிச்சு?"

"உடம்புக்குத்தான்."

"உடம்புக்கு ஓடமா?"

அப்பா துடுப்பைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். அம்மி துடுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பிறகு, "சரி. வாங்கலாம். கடைக்கு நானும் வருவேன்" என்றாள்.

அம்மி இத்தனை சீக்கிரம் ஒரு விஷயத்துக்குச் சரி என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை. எனக்கு அப்போதே இடித்தது. அப்பா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கடை அடையாறில். விற்பனைக்கு நின்றவர் பெயர் நாகராஜ் என்று சட்டையில் குத்தியிருந்தது. "யாருக்கு சார் மெஷின்?" என்று கேட்டார். அப்பாவின் வயிற்றைப் பார்த்ததும், "சரி சரி" என்று தானே பதில் சொல்லிக்கொண்டார்.

"இது மேக்னட் சார். சத்தமே வராது. பக்கத்துல கொழந்தை தூங்கினாக்கூட ஓட்டலாம். இது காத்து மாடல், இழுக்க இழுக்க உள்ள ஃபேன் சுத்தும்."

அப்பா கழுத்திலிருந்த இஞ்ச் டேப்பை உருவினார். தன் கடையிலிருந்து அப்படியே வந்திருந்த டேப். மண்டிபோட்டு, ஜாக்கெட்டுக்கு அளவெடுப்பது போல மெஷினுக்கு அளவெடுத்தார்.

"சார், மொதல்ல ரெசிஸ்டன்ஸ் பாருங்க. அதாவது எவ்ளோ எதிர்ப்புக் குடுக்குதுன்னு."

"எதிர்ப்பு வீட்லயே கீது. நீளம் சொல்லுங்க."

"இந்த மாடல் சூப்பர் சார். ரெண்டா மடிச்சிக் கட்டிலுக்கு அடியில தள்ளிடலாம்."

அப்பா தீயைத் தொட்டவர் மாதிரி கையை எடுத்தார். "மடியாதது காட்டுங்க."

"எல்லாரும் மடியறதுதான் சார் கேப்பாங்க."

"எங்க குடும்பத்துல யாரும் சீக்கிரம் மடிய மாட்டோம்."

நாகராஜ் குழம்பிப்போய் அம்மி பக்கம் திரும்பினார். அதற்குப் பிறகு அவர் அப்பா பக்கம் திரும்பவே இல்லை. ஏனென்றால் கேட்க வேண்டியதையெல்லாம் அம்மிதான் கேட்டாள்.

"தம்பி, சீட்டு ரொம்பத் தாழ்வா கீதே, முட்டி வலிக்காரங்க எப்படி எழுந்துக்கறது? கால் வெக்கற பெல்ட்டு இவரு பாதத்துக்குப் பத்துமா? எவ்ளோ வெயிட்டு தாங்கும்? இங்க எழுதிக்கீறது வேணாம், நெசமாத் தாங்கறது சொல்லுங்க."

அப்பாவை உட்கார வைத்து ஓட்டச் சொன்னாள். அப்பா உட்கார்ந்தார். கைப்பிடியைப் பிடித்தார். முன்னால் குனிய வேண்டும், வயிறு சம்மதிக்கவில்லை. இழுத்தார். பிறகு விட வேண்டும் என்பதை மறந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்ததில் கைப்பிடி அவரை இழுத்துக்கொண்டு போய் மெஷின் மேலேயே கவிழ்த்தது. ட்ரெட்மில் பார்க்க வந்த ஒரு குடும்பம் அதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தது. நான் டம்பெல்ஸ் பார்க்கிற மாதிரி தள்ளிப் போய் நின்றேன்.

"கடைசியா இது சார், தண்ணி மாடல்" என்றார் நாகராஜ். மரத்தில் செய்தது. முன்னால் ஒரு கண்ணாடித் தொட்டி. "இதுல தண்ணி ரொப்பிடணும். இழுத்தா உள்ள துடுப்பு சுத்தும். நெஜமா ஆத்துல ஓட்டற மாதிரியே சத்தம் கேக்கும்."

அடையாற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் நாங்கள் வந்திருந்தோம். "சத்தம் மட்டும்தானே?" என்று கேட்டேன். "வாசனை வராதே?"

அப்பா அதற்குள் அளந்து முடித்திருந்தார். அங்கே இருந்ததிலேயே நீளம். மடியாது. காதலிக்கிற பெண்ணைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"மடியாதுன்னு கவலைப்படாதீங்க சார்" என்றார் நாகராஜ். "நிமித்தி சுவத்தோரமா நிறுத்திடலாம். பீரோ மாதிரி நிக்கும்."

அப்பா முகம் வெளுத்தது. "தரையில ஸ்க்ரூ போட்டு முறுக்கிட முடியுமா?"

"எதுக்கு சார்?"

"ஒரு பாதுகாப்புக்கு."

"வாடகை வீடு" என்றாள் அம்மி. "ஒரு ஆணி அடிக்கவே ஓனரைக் கேக்கணும். இதையே போடுங்க தம்பி."

ஆட்டோவில் அப்பா என் காதில், "நிமித்தணும்னா ரெண்டு ஆம்பளை வேணும், பயப்படாத" என்றார். நான் பயப்படவில்லை.

மெஷின் வந்தது. ரூமை அடைத்துக்கொண்டது. கதவைத் திறந்தால் தொட்டி, ஜன்னலைத் திறந்தால் சீட்டு. அப்பா வாசலில் நின்று, கையைப் பிசைந்து, அதுவரை தனியாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனத்தைச் சொன்னார்.

"அச்சச்சோ வஜீ, கலீம் வந்தா படுக்க எடமே இல்லாமப் போச்சே."

"அட ஆமா" என்றாள் அம்மி. "அத விடுங்க. காலைல எழுந்து ஓட்டுங்க. வாங்கி வெச்சது அலங்காரத்துக்கா?"

அங்கேதான் அப்பா மாட்டினார். ஓட்டாவிட்டால் மெஷினுக்கு ரூமில் வேலை இல்லை. மெஷின் இல்லாவிட்டால் கலீமுக்கு இடம் உண்டு. ஆகவே தினமும் விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா தோணி ஏறினார். சளக், சளக் என்று சத்தம். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் அவருக்கு வேறொரு அவசரமும் கூடவே வரும். கொஞ்சம் இழுப்பார், பாத்ரூமுக்கு ஓடுவார், மறுபடி வந்து இழுப்பார். டாக்டர் சொன்ன நடை அதிலேயே தேறிவிட்டது.

முதல் நாளே கீழ் வீட்டு அம்பி மாமா ரெண்டு குடத்தோடு மாடி ஏறி ஓடி வந்தார்.

"பாய், தண்ணி வந்துடுத்தா? எங்காத்துல கொழாயத் தெறந்தா காத்துதான் வரது. உங்காத்துல மட்டும் இப்படிக் கொட்டறதே?"

"இது... தண்ணி... இல்ல மாமா" என்றார் அப்பா. பேச மூச்சில்லை.

"சத்தம் கேக்கறதே?"

"ஓட்டறேன்."

"எங்க ஓட்டறேள்?"

அம்பி மாமா எட்டிப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். உள்ளே சுற்றும் தண்ணீரைப் பார்த்தார். லுங்கியைப் பார்த்தார்.

"தெருவே லாரிக்குக் காத்துண்டிருக்கு. நீங்க ஆத்துக்குள்ளயே ஆறு விட்டுண்டு படகு ஓட்டறேள். நன்னாயிருங்கோ" என்று சொல்லிவிட்டு, காலிக் குடத்தோடு இறங்கிப் போனார். அன்றிலிருந்து அந்தச் சந்தில் அப்பாவுக்குப் பெயர் படகு பாய்.

இத்தனை அவமானத்தையும் அப்பா தாங்கிக்கொண்டது ரூமுக்காக. ஆனால் கலீம் மாமு வருகிற வழியைக் காணோம். தோள்பட்டை வலி, இடுப்பு வலி, அம்பி மாமா சிரிப்பு. கடைசியில் ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"வஜீ, உன் தம்பி எப்பதான் வர்றான்?"

"எங்க?"

"இங்கதான். வர்றான்னு சொன்னியே."

"நான் எங்க சொன்னேன்? கலீம் வந்தா எங்க படுப்பான்னு கேட்டேன்."

"அதான். வந்தா..."

"வந்தா. வந்தாதானே? மழை வந்தா கொடை கீதான்னு கேட்டா அப்பவே நனைஞ்சிடுவீங்களா?"

அப்பா வாயில் சப்பாத்தி அப்படியே நின்றது. பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணம் படித்தேன். எதற்கு என்று ஒருநாளும் புரிந்ததில்லை. ஒரு முழு மனுஷனை 'வந்தா'வில் இருக்கும் ஒற்றை நெட்டெழுத்தில் கவிழ்க்கலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

"அப்ப அவன் வரவே போறதில்லையா?"

"அவன் ஆற்காட்ல நிம்மதியா கீறான். இங்க வர அவனுக்கு இன்னா தலையெழுத்து? ஒரு வருஷமா நடங்க நடங்கன்னு கத்தினேன், அசைஞ்சீங்களா? மாத்திரைக்கு அசையல, டாக்டருக்கு அசையல, என் தம்பி பேருக்கு அசைஞ்சீங்க. இன்னொரு சப்பாத்தி வேணுமா? வேணாம்ல."

அப்பா ராத்திரி பூராவும் புரண்டார். காலையில் மெஷின் சத்தம் கேட்கவில்லை. "இடுப்பு" என்றார். கடைக்கு வந்ததும் முதல் வேலையாக ஆற்காட்டுக்குப் போன் போட்டார்.

"மச்சான், எப்படி கீற? எங்களையெல்லாம் மறந்துட்டியா? ஒரு தடவை வந்து தங்கிட்டுப் போயேன்."

போனை வைத்ததும் கேட்டேன். "உங்களுக்கு இன்னா ஆச்சு?"

"நீ சின்னப் பொண்ணு, உனக்குப் புரியாது. அவன் வந்தா ரூம் வேணும். ரூம் வேணும்னா மெஷின் வெளிய போவணும். உங்கம்மிக்குத் தம்பின்னா உசுரு, அவனை ஹால்ல படுக்க வெப்பாளா? மெஷின் போயிடும். அப்பறம் அவனை அனுப்பிட்டா ரூம் எனக்கு."

"அனுப்பறது யாரு?"

"அத அப்பறம் பாத்துக்கலாம்."

போனின் சூடு ஆறுவதற்குள் மாமு வந்து இறங்கிவிட்டார். "துல்லாபாய், நீங்க வாயத் தெறந்து கூப்பிட்டது இதான் மொத தடவை. வராம இருப்பனா?" என்று கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் தோளுக்கு மேலாக அப்பா அம்மியைப் பார்த்து வருத்தப்பட்டார்.

"எடம் இல்லையே வஜீ. இன்னா பண்றது, ஆசையா வாங்கின மெஷினு. யாருக்காவது குடுத்துட வேண்டியதுதான்."

அம்மி நேராக ரூமுக்குள் போனாள். புடவையைச் செருகிக்கொண்டாள். மெஷினின் ஒரு முனையைக் காலால் முட்டுக்கொடுத்து, மறுமுனையை ஒற்றைக் கையால் தூக்கினாள். அது எழுந்து சுவரோரமாகப் போய்ப் பீரோ மாதிரி நின்றது. ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை.

"பாரமே இல்ல. அன்னிக்கே அந்தக் கடைத் தம்பிகிட்ட கேட்டுக்கினேன்" என்று சொல்லிக்கொண்டே கீழே மெத்தையை விரித்தாள். "கலீம், காலைல இத எறக்கி உங்க துல்லாபாயை உக்கார வெச்சி ஓட்ட விடறது உன் பொறுப்பு. அவரு எளைக்கற வரைக்கும் நீ எங்கயும் போவக் கூடாது."

"எவ்ளோ நாள் ஆனாலும் சரி அக்கா" என்றார் மாமு. இத்தனை வருஷம் இன்டர்வியூவுக்குப் போன மனுஷனுக்கு அன்றுதான் வேலை கிடைத்தது.

இப்போது அப்பாவுக்கு வேறு கணக்கு. இளைத்தால் கலீம் போவான், கலீம் போனால் ரூம். வெறி பிடித்த மாதிரி இழுத்தார். அப்பாவின் லுங்கியைக் கட்டிக்கொண்டு மெத்தையில் படுத்தபடியே மாமு, "துல்லாபாய், முதுகு நேரா, மூச்சை உடுங்க" என்று வேலை பார்த்தார். நம்பவே முடியாமல் ஒருநாள் அப்பாவின் பேன்ட் லூசானது. இடுப்பில் விரலை விட்டு எனக்குக் காட்டினார். "இன்னும் கொஞ்சம்தான் ரூஹி" என்றார்.

அன்று சாயங்காலமே மாமு அவரைப் பின் ரூமுக்குள் கூப்பிட்டுக் கதவை ஒருக்களித்தார்.

"ரொம்ப வாடிட்டீங்க துல்லாபாய். எனக்கு மனசே கேக்கல. அக்காவுக்குத் தெரிய வேணாம்."

கையில் ஆற்காட்டு மக்கன் பேடா. கோவாவும் முந்திரியும் பாகும் சேர்ந்து அப்பாவுக்கு எதிராகச் செய்த சதி அது. அப்பா மறுத்தார். பெட்டிக்குக் கை போய்ச் சேர்கிற நேரம் வரைக்கும் மறுத்தார்.

மறுநாளும் கதவு ஒருக்களித்தது. அதற்கு மறுநாளும். பேன்ட் பழையபடி இறுகியது. அம்மி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவரை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்து, "இன்னும் எளைக்கலியே கலீம், இன்னும் கொஞ்ச நாள் இரு" என்பாள்.

அப்பாவிடம் நேராகவே சொன்னேன். "உங்களை எளைக்க உடாமப் பாத்துக்கறாரு மாமு. இதுகூடப் புரியலையா?"

"பாசமான பையன், அவனைப் போய்த் தப்பா பேசாத" என்றார் அப்பா, வாயில் பேடாவோடு. பிறகு குரலைத் தாழ்த்தினார். "பெட்டியில இன்னும் கொஞ்சம்தான் கீது. அது தீந்தா அவனுக்கும் இங்க ருசி போயிடும். கெளம்பிடுவான் பாரு."

நேற்று தீர்ந்தது. இன்று ஆற்காட்டிலிருந்து பெரிய பார்சல் ஒன்று வந்தது. மேலே எழுதியிருந்த விலாசம்: கலீமுல்லா, பின் ரூம், முதல் மாடி. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவர் அப்பாதான்.